சிக்காகோ: காண வேண்டியவையும் கருத வேண்டியவையும்

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் முன்னோர் வாக்கு. சொந்த ஊரில் வாழ வழியற்றுப் போனவனும் பெருநகர் ஒன்றை அடைந்துவிட்டால் ஏதேனும் ஒரு தொழில் செய்து பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. இப்பழமொழிக்கு உலக அளவில் ஓர் எடுத்துக்காட்டுத் தேடுவோமாயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ள சிக்காகோ மாநகரையே சுட்டலாம். பஞ்சத்தால் நலிந்த அயர்லாந்தியரும், நாடிழந்து நின்ற போலந்தியரும், வறுமையில் வாடிய இத்தாலியரும், நிறவெறிக் கொடுமைக்குத் தப்பித் தென் மாநிலங்களினின்று புறப்பட்டு வந்த கறுப்பின மக்களும் கூடி எழுப்பிய பட்டணம் அது.

இந்நாளில் நம் பங்குகளில், பிள்ளைகளுள் ஒருவரையேனும் அமெரிக்காவுக்கு அனுப்பாத தெருவைக் காண்பது அரிதாகி வருகின்றது. மகப்பேற்றுக்கு உதவவும், பேரப்பிள்ளைகளைப் பேணவும் பெற்றோர் ஆங்குச் சென்று சில திங்கள் தங்குகின்றனர். திரும்பி வந்தவர்களிடம், "என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், பெரிய கடைகளையும், அகன்ற சாலைகளையும், குளிரையும் பற்றிச் சில சொற்கள் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். கண்ணுக்கு எதிரே இருந்த ஒரு நகரத்தின் வரலாறு அவர்களுக்கு எட்டாமலே போய்விடுகின்றது. செல்லவிருப்போர்க்கு வழிகாட்டியாகவும், செல்ல வாய்ப்பில்லாதோர்க்கு இருந்த இடத்திலிருந்தே காணும் காட்சியாகவும் இக்கட்டுரை பயன்படுமாயின் மகிழ்வோம்.

கடலன்று, ஏரி

சிக்காகோவில் இறங்கும் நம் நாட்டவரை முதலில் வியப்பில் ஆழ்த்துவது மிச்சிகன் ஏரியே ஆகும். மறுகரை தோன்றுவதில்லை, அலைகள் எழுகின்றன, மணற்கரை விரிந்து கிடக்கின்றது. மெரினாவைக் கண்டு பழகிய கண்கள் அதைக் கடல் என்றே கொள்ளும். ஆயினும் வாயில் இட்டால் உப்புக் கரிப்பதில்லை, அது நன்னீர். ஏறத்தாழ 58,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய அவ்வேரிக்குள் தமிழ்நாட்டின் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அடங்கிவிடும்.

அவ்வேரியில் வந்து கலந்த சிற்றாறு ஒன்றின் கரைகளில் காட்டுப் பூண்டு செழித்து வளர்ந்தது. அப்பூண்டைக் குறித்த அமெரிக்கப் பழங்குடியினரின் சொல்லே திரிந்து சிக்காகோ என்றாயிற்று. 1674-ஆம் ஆண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு மார்க்கெத் அடிகள் நோயுற்ற நிலையில் அச்சதுப்பு நிலத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் ழான் பத்தீஸ்து புவான் து சாபிள் என்னும் கறுப்பின வணிகர் ஆற்றின் முகத்துவாரத்தில் வீடமைத்து நிலையாகக் குடியேறினார். பழங்குடியினர் அல்லாதாருள் அங்கு நிலையாக வாழ்ந்த முதல்வர் அவரே. ஏரிக்கரையை ஒட்டி ஓடும் பெருஞ்சாலைக்கு 2021-இல் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1840-இல் ஐயாயிரம் பேர்கூட இல்லாத அவ்வூர் 1890-இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது. 2020-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி நகர எல்லைக்குள் வாழ்வோர் ஏறத்தாழ 27 இலட்சம் பேர்.

அந்நகருக்குக் "காற்று நகர்" என்றொரு பட்டப்பெயர் உண்டு. ஏரியினின்று வீசும் காற்றால் வந்த பெயர் என்பர் சிலர். வீண் பெருமை பேசிய அரசியல்வாதிகளின் வாய்க்காற்றால் வந்த பெயர் என்பர் வேறு சிலர். எக்காற்றாயினும், சனவரித் திங்களில் அதன்முன் நம்மவர் நிற்பது எளிதன்று. மே முதல் அக்டோபர் தொடக்கம் வரையுள்ள காலமே நகரைச் சுற்றிப் பார்க்க ஏற்றது.

எல்லார்க்கும் உரிய கரை

எந்நாட்டிலும் நீர்க்கரை நிலம் விலைமிக்கது. அதைச் செல்வர்கள் வளைத்துக்கொள்ள, ஏழைகள் பின்னே தள்ளப்படுவதே உலக வழக்கம். சிக்காகோவிலோ, நகரின் நடுப்பகுதியில் ஏரிக்கரை முழுவதும் பூங்காவாகத் திறந்து கிடக்கின்றது. கரையோரமாக நடப்போர்க்கும் மிதிவண்டி ஓட்டுவோர்க்கும் 18 மைல் நீளப் பாதை உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை, காவலும் இல்லை. இந்நிலை தானாக அமைந்ததன்று.

1836-இல் நிலத்தை மனைகளாகப் பிரித்த அதிகாரிகள், வரைபடத்தில் ஏரிக்கரையின் ஒரு பகுதியைப் பொது நிலம் என்று குறித்து, எக்கட்டடமும் எழாமல் அது என்றென்றும் திறந்த வெளியாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தனர். பின் வந்தோர் அவ்வெழுத்தை மறந்தனர். குப்பை கொட்டினர், கொட்டகைகள் போட்டனர், பெருங்கட்டடங்கள் எழுப்பவும் திட்டமிட்டனர். அஞ்சல் வழி வணிகத்தில் பெயர் பெற்ற மான்ட்கோமரி வார்டு என்பவரின் அலுவலகம் அதற்கு எதிரே இருந்தது. அவர் 1890-இல் வழக்குத் தொடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார். நகரத்தார் பலர், வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை இடுபவர் என்று அவரைப் பழித்தனர். இறுதியில் நீதி அவர் பக்கமே நின்றது. இன்று கிராண்ட் பூங்காவின் புல்வெளியில் அமர்ந்து ஏரியைக் காணும் ஏழைத் தொழிலாளியின் பிள்ளை, அவர் பெயரை அறியாமலே அவருக்குக் கடன்பட்டிருக்கின்றது.

1979-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பெருந்திரளான மக்கள் சூழத் திருப்பலி நிறைவேற்றியதும் இப்பூங்காவிலேதான். இங்குள்ள பக்கிங்காம் நீரூற்று 1927-இல் ஒரு சகோதரி தம் உடன்பிறந்தானின் நினைவாக நகருக்கு அளித்தது. கோடைக் காலத்தில் அதன் நடுத்தாரை 150 அடி உயரம் எழும்புவதைக் காணலாம். பூங்காவின் வடமேற்கு மூலையில் 2004-இல் திறக்கப்பட்ட மில்லினியம் பூங்கா உள்ளது. மெருகேற்றிய எஃகினால் பெரும் அவரை விதை போல் ஆக்கப்பட்ட சிற்பம் ஒன்று அங்கு நிற்கின்றது. வானமும் கட்டடங்களும், முன்னே நிற்கும் மனிதரும் அதில் வளைந்து தோன்றுவர். அதை ஆக்கியவர் 1954-இல் பம்பாயில் பிறந்த அனிஷ் கபூர் ஆவார்.

ஆயினும் "எல்லார்க்கும் உரிய கரை" என்று நாம் சொல்லிய சொல் முழு உண்மையாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. 1919-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள், யூஜின் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் தோழர்களோடு ஏரியில் தெப்பம் விட்டு விளையாடினான். வெள்ளையர் தமக்கென வைத்துக்கொண்ட கரைப்பகுதியை நோக்கித் தெப்பம் ஒதுங்கியது. தண்ணீரின் மேல் கோடு ஏது? ஆயினும் கரையில் நின்ற வெள்ளையன் ஒருவன் கற்களை வீசினான். சிறுவன் மூழ்கி மாண்டான். காவலர் கல்லெறிந்தவனைக் கைது செய்ய மறுக்கவே கலகம் மூண்டது. 38 பேர் மடிந்தனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர். அக்கரையில் இன்று ஒரு சிறு நினைவுக்கல் உள்ளது. சுற்றுலா வண்டிகள் அங்கு நிற்பதில்லை. பொதுக் கிணற்றிலும் பொதுக் குளத்திலும், ஏன், கல்லறைத் தோட்டத்திலும்கூடக் கோடு கிழித்துப் பழகிய நாட்டினின்று செல்லும் நாம், அக்கல்லின் முன் சற்று நேரம் நிற்பது தகும்.

நெருப்பும் வதந்தியும்

1871-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஞாயிறு இரவு. மழை பொய்த்த கோடையால் மரவீடுகளும் மரப்பலகை நடைபாதைகளும் காய்ந்து கிடந்தன. தெற்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. டிகோவன் தெருவில் ஓலியரி குடும்பத்தாரின் மாட்டுக் கொட்டிலில் எழுந்த தீ ஆற்றையும் தாவி, 10-ஆம் நாள் வரை எரிந்து, 17,000-க்கு மேற்பட்ட கட்டடங்களை விழுங்கிற்று. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். மூன்று இலட்சம் மக்களுள் ஓர் இலட்சம் பேர் வீடிழந்தனர்.

பசு ஒன்று விளக்கை உதைத்துத் தள்ளியதால் தீப்பற்றியது என்ற கதை உடனே பரவியது. பசுவுக்கு உரியவரான காதரின் ஓலியரி அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கப் பெண்மணி. அக்காலத்து நாளிதழ்கள் அவரை ஏளனம் செய்தன. விசாரணையோ அவர்மேல் குற்றம் காணவில்லை. கதையைத் தாமும் சேர்ந்து புனைந்ததாக நிருபர் ஒருவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆயினும் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அப்பெண்மணி வெளியே முகம் காட்டாமல் வாழ்ந்து 1895-இல் இறந்தார். 1997-இல்தான் நகர மன்றம் அவரையும் அவருடைய பசுவையும் குற்றமற்றோர் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அவர் வீடு இருந்த இடத்தில் இன்று தீயணைப்பு வீரர்களுக்கான பயிற்சிக் கூடம் நடைபெறுகின்றது. ஒரு பொய்யைப் பரப்ப ஒரு நாள் போதும். அதைத் திரும்பப் பெற 126 ஆண்டுகள் வேண்டியிருந்தன. கைப்பேசியில் வந்ததையெல்லாம் அடுத்தவர்க்கு அனுப்பும் நமக்கு இதில் பாடம் உண்டு.

அந்நெருப்புக்குத் தப்பிய கட்டடங்கள் சில இன்றும் காணக்கிடைக்கின்றன. மிச்சிகன் நெடுஞ்சாலையில், வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே, சிறு கோட்டை போல் நிற்கும் தண்ணீர்க் கோபுரம் அவற்றுள் ஒன்று. அது 1869-இல் கட்டப்பட்டது. 1856-ஐச் சேர்ந்த புனித பத்திரிசியார் ஆலயம் மற்றொன்று. இயேசு சபையாரின் திருக்குடும்ப ஆலயமோ தீ தொடங்கிய இடத்துக்கு மிக அண்மையில் உள்ளது. அதை எழுப்பிய டாமென் அடிகள் அன்று வெளியூரில் இருந்தார். செய்தி கேட்டு இரவெல்லாம் செபித்து, ஆலயம் தப்பினால் இடைவிடா சகாய அன்னையின் முன் ஏழு விளக்குகள் அணையாது எரியும் என்று நேர்ந்துகொண்டார் என்பது மரபு. காற்றுத் திசை மாறியது, ஆலயம் தப்பியது. ஏழு விளக்குகளும் இன்றும் ஒளிர்கின்றன.

இவ்விடத்தில் ஒன்று கருதத்தக்கது. அவ்வாலயத்தை விட்டு விலகிய தீ வேறு பல குடும்பங்களின் கூரைமேல் பாய்ந்தது. திருப்பெயர் ஆலயமும் அதில் எரிந்தது. நம் கூரை தப்பியமைக்கு நன்றி செலுத்துவது கடமை. ஆனால் எரிந்த கூரைக்கு உரியவரைவிட நாம் நல்லவர் என்று எண்ணுவது பாவம். அன்று தப்பிய பங்கு மக்கள் எரிந்த பகுதியினின்று ஓடிவந்தோர்க்கு இடம் கொடுத்தனர் என்பதே அவ்விளக்குகளுக்கு மெய்யான நெய்.

எரிந்த ஆலயம் இருந்த இடத்தில் 1875-இல் எழுந்ததே இன்றைய திருப்பெயர்ப் பேராலயம். மறைந்த கர்தினால்மாரின் சிவந்த தொப்பிகள் அதன் மேற்கூரையினின்று தொங்குவதைக் காணலாம். எரிந்த நகரின் இடிபாடுகள் ஏரியில் கொட்டப்பட்டு நிலமாயின; கிராண்ட் பூங்காவின் ஒரு பகுதி அச்சாம்பலின் மேலேதான் பசுமையாய் விரிந்துள்ளது. இங்கிலாந்து மக்கள் 8,000-க்கு மேற்பட்ட நூல்களைத் திரட்டி அனுப்பினர். அவற்றைக்கொண்டு பழைய நீர்த்தொட்டி ஒன்றுக்குள்ளே 1873-இல் பொது நூலகம் திறக்கப்பட்டது. அதற்கென 1897-இல் கட்டிய மாளிகை இன்று பண்பாட்டு நிலையமாக விளங்குகின்றது. 38 அடி விட்டமுள்ள வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் அதன் சிறப்பு. உட்செல்லக் கட்டணம் இல்லை.

விண்ணைத் தொட்ட கைகள்

எரிந்த நகரை மீண்டும் கட்டவேண்டி வந்தபோது நிலத்தின் விலை ஏறிற்று. கட்டடங்களும் மேல்நோக்கி வளர்ந்தன. 1885-இல் ஜென்னி என்னும் பொறியாளர், சுவர்கள் சுமக்க வேண்டிய பாரத்தை இரும்புச் சட்டகத்தின்மேல் ஏற்றிப் பத்து மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். அது 1931-இல் இடிக்கப்பட்டுவிட்டது. எனினும் வானளாவிய கட்டடக் கலையின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகின்றது என்பர்.

1974-இல் முடிந்த சியர்ஸ் கோபுரம் 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்டது. 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுவே. 2009 முதல் வில்லிஸ் கோபுரம் என்பது அதன் பெயர். அதன் அமைப்பை வகுத்த பொறியாளர் பஸ்லுர் ரகுமான் கான், பிரிவுபடாத இந்தியாவில், டாக்கா நகரில் 1929-இல் பிறந்தவர். சதுரக் குழாய் போன்ற ஒன்பது கோபுரங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, வெவ்வேறு உயரங்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி, இரண்டை மட்டும் உச்சிவரை கொண்டு சென்றார். தனிக் குச்சி காற்றில் வளையும். கட்டிய கற்றை வளையாது என்பதே அதன் சூத்திரம். 103-ஆம் மாடியில், வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டியில் நின்று காலடியில் தெருவைக் காணலாம். தலைசுற்றல் உடையோர் தவிர்ப்பது நலம். வானம் தெளிந்த நாளில் நான்கு மாநிலங்கள் தெரியும்.

திசை மாறிய ஆறு

உயர ஏறிக் காண்பதைவிட, படகில் அமர்ந்து காண்பதே நகரை அறியச் சிறந்த வழி என்பது நம் கருத்து. ஆற்றில் செல்லும் படகுகளில் வழிகாட்டுவோர் கட்டடந்தோறும் வரலாறு கூறுவர். ஆனால் கட்டடங்களைவிட வியப்பானது அவ்வாறே.

முற்காலத்தில் ஆறு ஏரியை நோக்கி ஓடியது. நகரின் சாக்கடையும் இறைச்சிச் சாலைகளின் கழிவும் ஆற்றில் விழுந்து ஏரியை அடைந்தன. அவ்வேரியினின்றே மக்கள் குடிநீர் எடுத்தனர். குடற்காய்ச்சல் குடும்பங்களை வாட்டிற்று. ஏரிக்கு அடியில் இரண்டு மைல் சுரங்கம் தோண்டித் தொலைவிலிருந்து நீர் எடுத்தும் தீரவில்லை. முடிவில் 28 மைல் நீளக் கால்வாய் வெட்டி, 1900-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டனர். ஏரிக்குச் சென்ற நீர் அன்று முதல் மிசிசிப்பி ஆற்றை நோக்கிச் செல்லலாயிற்று. நகர் நோயினின்று பெரிதும் மீண்டது. ஆனால் கீழ்த்திசை மக்கள், "உங்கள் அழுக்கை எங்கள் வாயிலுக்கு அனுப்புவதா?" என்று கொதித்தனர். மிசூரி மாநிலம் தொடுத்த வழக்கில், தீங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1906-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைத் தூய்மை செய்தே விடவேண்டும் என்னும் அறிவு அதன்பின்னரே வேரூன்றியது. அண்டை வீட்டார் எல்லைக்குக் குப்பையைத் தள்ளுவதே தூய்மை என்று கருதும் எவருக்கும் இவ்வாறு ஓர் ஆசிரியர்.

அவ்வாற்றின் கரையில் மற்றுமொரு நினைவுப் பலகை உண்டு. 1915-ஆம் ஆண்டு சூலை 24-ஆம் நாள், தொழிற்சாலை ஒன்றின் ஊழியர்கள் மனைவி மக்களுடன் உல்லாசப் பயணம் செல்ல ஈஸ்ட்லாந்து என்னும் கப்பலில் ஏறினர். 2,500 பேருக்கு மேல் ஏறிய அக்கப்பல், கரையில் கட்டிய கயிறு அவிழுமுன்னரே ஒருபுறம் சாய்ந்து கவிழ்ந்தது. 844 பேர் மாண்டனர். 22 குடும்பங்கள் ஒருவர்கூட எஞ்சாமல் அழிந்தன. ஆழ்கடலிலன்று, கரையிலிருந்து சில அடித் தொலைவில். ஏற்றக்கூடியதற்கு மேல் ஆள் ஏற்றும் படகையும் பேருந்தையும் காணும்போதெல்லாம் இதை நினைவுகூர்வது நலம்.

அருங்காட்சியகங்கள்

ஏரிக்கரையில் பீல்டு அருங்காட்சியகம் உள்ளது. 1990-இல் தெற்கு டக்கோட்டாவில் கண்டெடுத்த, 40 அடி நீளமுள்ள பழம்பெரும் விலங்கின் எலும்புக்கூடு ஆங்கு நிற்கின்றது. அதைக் கண்டறிந்த பெண்மணியின் பெயரால் "சூ" என்று அதை அழைக்கின்றனர். அருகிலேயே மீன் காட்சியகமும் கோளரங்கமும் உண்டு. இரண்டும் 1930-இல் திறக்கப்பட்டவை. நகரின் தென்பகுதியிலுள்ள அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் 1944-இல் கைப்பற்றிய செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலையே முழுமையாக வைத்துள்ளனர். சிறுவர்கள் ஒரு நாள் முழுவதும் சலிப்பின்றிக் கழிக்கக்கூடிய இடம் இது. இவற்றுக்கெல்லாம் கட்டணம் மிகுதி. நால்வர் கொண்ட குடும்பம் முன்கூட்டியே கணக்கிட்டுச் செல்லவேண்டும். ஆனால் லிங்கன் பூங்காவிலுள்ள விலங்குக் காட்சிசாலைக்குக் கட்டணமே இல்லை.

கலைக்கூடத்தைப் பற்றித் தனியே கூறவேண்டும். வாயிலில் இரு வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் அம்மாளிகை, 1893-இல் நடைபெற்ற உலகக் கண்காட்சியை ஒட்டிக் கட்டப்பட்டது. எல் கிரேக்கோ தீட்டிய அன்னை மரியாவின் விண்ணேற்பு ஓவியத்தின் முன் நிற்பவர் எளிதில் அகலமாட்டார். அதே கூரையின்கீழ், நம் நாகப்பட்டினத்தினின்று சென்ற சோழர் காலத்துப் புத்தர் சிலையும் வீற்றிருக்கின்றது. தம் ஊர்க் கருங்கல்லைக் கடல் கடந்து காணும் தமிழர்க்கு நெஞ்சம் நெகிழாமல் இராது.

1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் உலகச் சமய மாநாடு கூடியதும் இம்மாளிகையிலேதான். கர்தினால் கிப்பன்ஸ் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்ல மாநாடு தொடங்கியது. அன்று பேசிய விவேகானந்தரைக் கடல் கடந்து அனுப்பப் பொருள் திரட்டியவர்களுள் முன்னின்றவர் சென்னையைச் சேர்ந்த அளசிங்கப் பெருமாள். திரும்பி வந்தபோது பாம்பனில் அவரை எதிர்கொண்டவர் இராமநாதபுரம் சேதுபதி மன்னர். சமய வெறி ஒழிக என்னும் பொருள்பட அவர் அன்று ஆற்றிய உரையை, 2010-இல் ஜிதீஷ் கல்லட் என்னும் இந்தியக் கலைஞர் அம்மாளிகையின் பெரிய படிக்கட்டில் ஒளியெழுத்துகளாக அமைத்தார்.

உழைத்தோர் நினைவு

மே நாள் சிக்காகோவில் பிறந்தது என்பதைப் பலர் அறியார். எட்டு மணி நேர வேலை கோரி 1886 மே முதல் நாள் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மே 4-ஆம் நாள் இரவு வைக்கோல் சந்தைத் திடலில் நடந்த கூட்டத்தில் யாரோ வெடிகுண்டு வீசினர். காவலரும் மக்களும் மாண்டனர். குண்டு எறிந்தவர் யார் என்று தெரியாமலே எண்மர் மீது குற்றம் சாட்டப்பட்டு, நால்வர் 1887-இல் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிய மூவரை 1893-இல் ஆளுநர் விடுவித்து, வழக்கு முறையற்றது என்றும் அறிவித்தார். அவ்விடத்தில் 2004-இல் ஒரு சிற்பம் வைக்கப்பட்டது. இந்தியாவில் முதல் மே நாளைச் சென்னையில் 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடினார். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு உரியதாக்கினார்.

குடியேறியோரின் கண்ணீரைத் துடைத்த இரு பெண்மணிகளின் இல்லங்களும் காணத்தக்கவை. ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889-இல் நிறுவிய ஹல் இல்லம் இன்று அருங்காட்சியகம். அவருக்கு 1931-இல் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இத்தாலியரான பிரான்சிஸ் சேவியர் கப்ரீனி அம்மையார், தாம் நிறுவிய மருத்துவமனையிலேயே 1917 திசம்பர் 22-இல் இறைவனடி சேர்ந்தார். 1946-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரே அமெரிக்கக் குடிமக்களுள் முதல் புனிதர். மருத்துவமனை இன்று இல்லை. அதன் சிற்றாலயம் திருத்தலமாக நிற்கின்றது. குடியேறியோரின் பாதுகாவலியான அவரிடம், பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் வேண்டிக்கொள்வது பொருத்தமே.

2025 மே 8-இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற பதினான்காம் லியோ, 1955-இல் இந்நகரில் பிறந்து, அதன் தெற்கு எல்லையை அடுத்த டால்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். சிறு செங்கல் வீடு அது. அவர் பீடச் சிறுவனாகப் பணிபுரிந்த பங்குக் கோவில், அவர் திருத்தந்தையான ஆண்டில் வழிபாடின்றிச் சிதைந்த நிலையில் நின்றது. பழைய மக்கள் குடிபெயர்ந்தனர், ஆலைகள் மூடின, பங்கும் மூடிற்று. கட்டடம் நிலைப்பதன்று, அதில் ஒரு சிறுவன் உள்ளத்தில் விதைத்ததே நிலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும்

நிறைவாக ஒரு வேண்டுகோள். பெற்றோரை அயல்நாட்டுக்கு அழைக்கும் பிள்ளைகளே! நீங்கள் பணிக்குச் சென்ற பின் அவர்கள் பேசுவதற்கு ஆளின்றி, தெருவில் ஒரு மனித முகமும் காணாமல், நான்கு சுவர்களுக்குள் நாளைக் கழிக்கின்றனர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த கைகளாக மட்டும் அவர்களைக் கருதாதீர்கள். வாரத்தில் ஒரு நாளை அவர்களுக்கென ஒதுக்குங்கள். பெருஞ்செலவு வேண்டாம். தெருவுக்கு மேல் ஓடும் தொடர்வண்டியில் ஏறி, ஏரிக்கரையில் நடத்தி, வழியில் உள்ள ஆலயத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றச் செய்தால் போதும். டெவன் சாலைக்கு அழைத்துச் சென்றால் முருங்கைக்காயும் சேலையும் கண்டு முகம் மலர்வர்.

பெற்றோரே! நீங்களும், "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். மொழி தெரியாமல், கையில் காசில்லாமல், ஒரு மூட்டையுடன் வந்திறங்கிய எளியவர்களே அந்நகரைக் கட்டினர். உங்கள் மகனும் மகளும் அவ்வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். அங்குள்ள கற்களைப் பார்க்கும்போது அவற்றைச் சுமந்த தோள்களையும் எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணத்தோடு ஊர் திரும்பினால், நம் பட்டணங்களில் சாலையோரம் கொட்டகை போட்டுத் தங்கிக் கட்டட வேலை செய்யும் வடநாட்டு இளைஞர்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். அவர்களும் பட்டணம் சேர்ந்தவர்களே. அவர்களுக்கும் எங்கோ ஒரு தாய் காத்திருக்கின்றாள்.